டர்போவை மாற்றுவதற்கு முன் ஓஸைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். கல் ஏற்றுவதற்கு வாங்கிய டர்போ டீசல் பிக்கப் 9 வருடத்தில் 2,80,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மூன்று மாதமாக லோடு ஏற்றினால் இழுவை இல்லை. கரும்புகை வருகிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 'உஸ்' என்று சத்தம். டர்போ போய்விட்டது, புதுசுதான் போட வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். இன்னொருவர், பழையதையே ரீகண்டிஷன் செய்து, ரீமேப் போட்டு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றிப் பவரைக் கூட்டி, பின்னால் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டையும் சேர்த்துவிடலாம் என்கிறார். வண்டியையே விற்றுவிடலாமா என்றும் தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: விற்க வேண்டாம். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். கரும்புகை என்றால் டீசல் போகிறது, அதற்கு ஈடான காற்று போகவில்லை என்று பொருள். கூடவே 'உஸ்' சத்தமும் இருப்பதால் எனக்கு முதல் சந்தேகம் டர்போ மீது இல்லை, காற்று போகும் ரப்பர் ஓஸ் மீதுதான். டர்போவின் ஆயில் சீல் போயிருந்தால் பெரும்பாலும் நீலப்புகை வரும், ஆயிலும் குறையும்.

வண்டி ஆறிய பிறகு பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து, காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ஓஸ்களின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் அடியில்தான் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. நம் பக்கத்துச் செம்மண் புழுதி இதில் ஒரு உதவி செய்கிறது. காற்று கசியும் இடத்தில் ஆயில் ஈரமும் சேர்ந்து வெளியே வரும், அதில் புழுதி அப்பி சிவப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். அந்தக் கோடு கிடைத்தால் ஓஸையும் கிளாம்பையும் மாற்றி, லோடு ஏற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அப்படியும் சரியாகவில்லையா, டர்போவின் காற்று வாய் ஓஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் சக்கரத்தின் நடுத்தண்டை விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் மிக லேசாக ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கைகள் சுற்றுச்சுவரில் உரசிய தடம் தெரிந்தாலோ மெக்கானிக் சொன்னது சரி. இறக்கையின் ஓரம் அரித்துப் போயிருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகப் புழுதி உள்ளே போயிருக்கிறது. ஃபில்டர் பெட்டியின் கிளிப்பையும் ரப்பரையும் சரி செய்யாமல் புது டர்போ போட்டால் அதுவும் அரிக்கும்.

டர்போ மாற்றத்தான் வேண்டும் என்றாகிவிட்டால், அது ஏன் கெட்டது என்று கேட்காமல் புதுசு பூட்ட விடாதீர்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். தேவகோட்டையில் என் சித்தப்பா வண்டிக்கு டர்போ போட்டு இருபதே நாளில் மறுபடி ஊதிவிட்டது. கழற்றிப் பார்த்தால், ஆயில் வரும் சிறு குழாய்க்குள் கரி அடைத்து, ஊசி நுழையும் அளவுதான் ஓட்டை இருந்தது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் தண்டு ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது, அது கிடைக்காவிட்டால் எந்தக் கம்பெனி டர்போவும் நிற்காது. ஆகவே அந்தக் குழாய் புதுசாக இருக்கட்டும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, டர்போவின் ஆயில் வாயில் கொஞ்சம் ஊற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அந்த இணைப்பில் சிலிக்கான் பேஸ்ட் பூச விடாதீர்கள், பிதுங்கிய துண்டே வழியை அடைத்துவிடும்.

ரீமேப் வேண்டவே வேண்டாம். காற்றையும் டீசலையும் கூட்டினால் சூடும் கூடும். 2,80,000 ஓடிய பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் கிளட்ச்சும் அதைத் தாங்க வேண்டுமே. பட்டை சேர்ப்பதும் அப்படித்தான். கல் பார்க்கக் கொஞ்சமாக இருக்கும், எடையோ ஏறிவிடும். பட்டை கூடினாலும் ஆர்சி புத்தகத்தில் உள்ள எடை கூடாது. அதற்கு மேல் ஏற்றிப் பிடிபட்டால் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் அபராதம். ரீமேப்புக்கும் பட்டைக்கும் ஆகும் பணத்தை பிரேக், ரேடியேட்டர் சுத்தம், சரியான லோடு டயர் இவற்றில் போடுங்கள்.

எந்த வேலை செய்தாலும் ஜிஎஸ்டி பில்லில் பாகத்தின் சீரியல் எண்ணும் வாரன்டியும் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழையதையும் கேட்டு வாங்குங்கள். தகராறு வந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லலாம். அடுத்தது சிவகங்கையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வியாபார வண்டி என்று எதிர்த்தரப்பு தட்டிக்கழிக்கப் பார்க்கும். பிழைப்புக்காகச் சொந்தத் தொழில் செய்கிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான், புகாரிலேயே அதை எழுதிவிடுங்கள்.

கேள்வி: புதுவயலில் அரிசி லோடு அடிக்கிறேன். டர்போ வண்டிக்கு லூஸ் ஆயில் ஊற்றலாமா?

பதில்: கூடாது. வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் கிரேடையே சீல் உடையாத டின்னில் வாங்குங்கள். காலி டின்னை ஓட்டை போட்டுவிட்டு எறியுங்கள், இல்லாவிட்டால் அதிலேயே போலி ஆயில் நிரம்பி வரும். லோடோடு வந்து நின்றதும் உடனே சாவியைத் திருப்பாமல் ஓரிரண்டு நிமிடம் இன்ஜினைச் சும்மா ஓட விடுங்கள். சூடான டர்போவில் நின்றுபோன ஆயில்தான் பிறகு கரியாகிறது.