மாப்பிள்ளைக்குக் காபி மட்டும் போதுமா?

வேலூரில் சமூகப்பணி மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதோடு, தம்பதியருக்கு ஆலோசனையும் சொல்லி வருகிறேன். இம்முறை வந்த கேள்விகள் எல்லாமே கைக்குழந்தை இருக்கும் வீடுகளிலிருந்து.

*ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. மனைவி தலைப்பிரசவத்துக்கு ஆரணிக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் போகிறேன். "உங்களுக்கு இன்னா, வந்து பாத்துட்டுப் போயிடறீங்க" என்கிறாள். நான் என்ன செய்தேன்?*

ஒன்றும் செய்யவில்லை. அவர் சொல்வதும் அதைத்தான். நீங்கள் போனதும் நாற்காலி போட்டுக் காபி தருவார்கள். பிள்ளையை மடியில் வைப்பார்கள், அழுதால் வாங்கிக்கொள்வார்கள். தாய்வீட்டுக்குப் போகும் வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். உடம்பு தேற அம்மா கைப் பத்தியச் சோறு வேண்டும்தான். ஆனால் அந்த ஏற்பாட்டில் அப்பனுக்கென்று ஒரு வேலையை யாரும் ஒதுக்கவில்லை.

தாயிடம் குழந்தைக்கு உண்டாகும் பற்றைப் பற்றி பவுல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் விரிவாக எழுதினார். 1987-இல் ஹசான், ஷேவர் என்ற இரு ஆய்வாளர்கள் அதைக் காதலர்களுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். பயமும் களைப்பும் வரும்போது, 'கூப்பிட்டால் வருவாரா?' என்றுதான் பெரியவர் மனமும் பார்க்கிறது. உங்கள் மனைவி சண்டைக்கு இழுக்கவில்லை, கூப்பிடுகிறார்.

இந்த வாரம் சனிக்கிழமையே போய்விடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை எழுந்தால் ஈரத்துணி மாற்றுவதும், பால் குடித்தபின் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பதும் உங்கள் பொறுப்பு. "விடுங்க மாப்ள" என்று மாமியார் பதறுவார். சிரித்துக்கொண்டே செய்யுங்கள். போனில் "பாப்பா இன்னா பண்றா?" என்பதற்கு முன்னால், "நீ ராத்திரி தூங்குனியா?" என்று கேளுங்கள்.

*மருமகளுக்குப் பிரசவமாகி ஐந்து வாரம். காரணமில்லாமல் அழுகிறாள், பிள்ளையைத் தூக்கவே பயப்படுகிறாள். காத்து கருப்பு என்கிறார்கள். (காட்பாடி)*

திட்டாமல் எழுதிக் கேட்டீர்களே அம்மா, அதுவே பாதி மருந்து. பிரசவமான இரண்டு மூன்று நாளில் வரும் அழுகை பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். ஐந்து வாரமாகியும் தொடர்ந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் உண்டு. கடந்த ஏழு நாள் மனநிலையைக் கேட்கும், சில நிமிடம்தான் ஆகும். அதை வைத்து மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று மருத்துவர் முடிவெடுப்பார். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன.

வேலூர் பாகாயம் என்றதும், மனநல ஆஸ்பத்திரி என்று முகம் சுளிக்காதீர்கள். அங்கே உள்ள சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பமும் தங்கிக் கவனித்துக்கொள்ளும் முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. முதலில் பேசிப் பார்க்க வேண்டுமானால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி. இலவசம், தமிழிலேயே பேசலாம். தாயத்து கட்டுவதானால் கட்டிக்கொள்ளுங்கள், டாக்டரைத் தள்ளிப்போடாமல் இருந்தால் சரி.

ஆனால் அவள் தூக்கமே இல்லாமல் பிதற்றினாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

*அப்பாக்களுக்கு லீவு உண்டா?*

மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியார் கம்பெனிகளுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை, எச்.ஆரைத்தான் கேட்க வேண்டும். இருக்கிற லீவை ஆஸ்பத்திரி வாசலிலேயே தீர்த்துவிடாதீர்கள். மனைவி தாய்வீட்டிலிருந்து திரும்பும் வாரத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். அம்மா பக்கத்தில் இல்லாத முதல் வாரம் அது.

*பிள்ளை நாக்கில் தேன் தடவச் சொல்கிறார் மாமியார். வீட்டுக்காரர் "அம்மா சொன்னா செய்யேன்" என்கிறார். (குடியாத்தம்)*

ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது, பொட்டுலிசம் என்ற நச்சுநோய் வரலாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். இனி வீட்டுக்காரருக்கு: உங்கள் அம்மாவிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மருமகள் சொன்னால் அது எதிர்ப்பேச்சு. மகன் சொன்னால், "இந்தக் காலத்துப் பிள்ளைங்க" என்று முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுவார்.