32 வீடுகள், ஒரே ஜன்னல்

அன்புள்ள ஐயா,

நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஓவியம் கற்றவள் அல்ல. எங்கள் பள்ளியில் ஓவியத்துக்கென்று தனி ஆசிரியர் கிடையாது; வாரத்தில் 40 நிமிடம் அந்தப் பாடவேளை என் தலையில் விழுந்திருக்கிறது. கரும்பலகையில் ஒரு வீடு, இரண்டு மலை, நடுவில் சூரியன் என்று வரைந்து போடுவேன். பிள்ளைகள் பார்த்து வரைவார்கள். நன்றாக வரைந்தவர்களுக்கு நட்சத்திரம் ஒட்டுவேன். போன வாரம் 32 தாள்களையும் அடுக்கிப் பார்த்தபோது எல்லா வீட்டிலும் ஜன்னல் ஒரே இடத்தில் இருந்தது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது. "எனக்கு வரைய வராது மிஸ்" என்று சொல்கிற பிள்ளைகள் வேறு கூடிக்கொண்டே போகிறார்கள். வரையத் தெரியாத ஒருத்தி வரையக் கற்றுக்கொடுக்க முடியுமா? பிள்ளைகளைச் சும்மா விட்டாலே போதும் என்கிறார் உடன் பணிபுரிபவர். அது சரியா? ஆண்டு இறுதியில் கண்காட்சியும் வைக்கவேண்டும்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

முடியும். வரையத் தெரியாதது உங்களுக்கு ஒருவகையில் வசதிகூட. கை தேர்ந்த ஓவியருக்குச் சாக்பீஸைக் கீழே வைக்க மனம் வராது. கரும்பலகையில் படம் போடுவதை இந்த வாரத்தோடு நிறுத்திவிடுங்கள். ஜன்னல் எங்கே என்று நீங்களே முடிவுசெய்துவிட்ட பிறகு பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை?

சின்னப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதைவிட மனத்துக்குத் தெரிந்ததைத்தான் வரைகிறார்கள். பிரான்சைச் சேர்ந்த லுக்கே, தன் சொந்த மகளின் படங்களைச் சேர்த்துவைத்து ஆராய்ந்தவர், 1927இலேயே இதை விரிவாக எழுதினார். வீட்டை வரைந்தால் உள்ளே இருக்கும் கட்டில் சுவரை ஊடுருவித் தெரியும். மேசையின் நான்கு கால்களும் நான்கு பக்கமாக விரிந்து கிடக்கும். பஸ்ஸுக்கு அந்தப் பக்கமும் சக்கரம் உண்டு என்று தெரிந்த பிள்ளை அதை எதற்காக மறைக்க வேண்டும்? வானம் தாளின் மேல் விளிம்பில் ஒரு நீலப் பட்டையாக நிற்கும். வானத்துக்கும் தரைக்கும் நடுவில் என்ன என்று ஒரு பையனைக் கேட்டேன். "காற்று" என்றான். மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இதெல்லாம் தெரியாத காலத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். ஒரு விடுமுறை வகுப்பு. ஏழு வயதுச் சிறுமி ஓர் ஆளை வரைந்திருந்தாள். ஒரு கை இடுப்போடு நின்றுவிட்டது. இன்னொன்று ஆளையே விஞ்சும் நீளம். "கை இவ்வளவு நீளம் இருக்காதே" என்று சொல்லி அதை அழித்து, அளவாக ஒரு கை போட்டுக்கொடுத்தேன். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்போது பந்து எட்டாதே" என்றாள். அப்புறம்தான் தாளின் மேல் மூலையைக் கவனித்தேன். கூரைமேல் ஒரு பந்து கிடந்தது. வகுப்பு முடிந்ததும் எல்லாரும் தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். அவள் தாள் மட்டும் மேசையில் கிடந்தது. கூப்பிட்டேன். "அது உங்களுடையது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எந்த உறுப்புக்கு வேலை அதிகமோ அதைப் பிள்ளைகள் பெரிதாக்குவார்கள் என்று ஓவியக் கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் எழுதியதை, அந்தக் கையை அழித்து வெகுநாள் கழித்துத்தான் படித்தேன்.

அதற்காக உங்கள் நண்பர் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. ஃபிரான்ஸ் சிஜெக் 1897இல் வியன்னாவில் சிறுவர்களுக்கான ஓவிய வகுப்பைத் தொடங்கி, பிள்ளைகளை அவர்கள் போக்கில் வளரவிடுங்கள் என்றார். பள்ளிகளில் கோடும் கட்டமும் பார்த்துப் போட வைத்த காலத்தில் அது பெரிய விடுதலைதான். ஆனால் அவருடைய மாணவர்களின் படங்களிலும் ஒரே சாயல் அடிக்கிறது என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னார்கள். ஆசிரியர் வாயைத் திறக்காவிட்டால் என்ன, எந்தப் படத்தின் முன்னால் கூடுதல் நேரம் நிற்கிறார் என்பதைப் பிள்ளைகள் கணக்கு வைத்துக்கொள்வார்கள். "இஷ்டம்போல் வரையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அதே இரண்டு மலையும் சூரியனும் திரும்பி வரும்.

நீங்கள் கொடுக்க வேண்டியது நினைவை. வரும் வாரம் இதைச் செய்யுங்கள். எல்லாரும் பெஞ்சுக்கு அடியில் ஒரு பென்சிலைப் போட்டுவிட்டு அதைக் குனிந்து எடுக்கட்டும். மறுபடி எடுக்கட்டும், இந்தமுறை மெதுவாக. முழங்கால் எங்கே இருக்கிறது? எந்தக் கையை ஊன்றினாய்? கண்ணுக்கு முன்னால் என்ன தெரிந்தது? பத்து நிமிடம் இப்படியே போகட்டும். பிறகு தாளைக் கொடுத்து, "நான் பென்சில் எடுக்கிறேன்" என்று வரையச் சொல்லுங்கள். குச்சிபோல் விறைத்து நின்ற மனிதர்கள் மடங்கத் தொடங்குவதைப் பார்ப்பீர்கள். யாராவது முழங்காலைத் தலைக்குமேல் வைத்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கைப்பழக்கங்களைத் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்பி வெட்டுவது, தூரிகையை அலசித் துணியில் ஒற்றுவது, மெழுகு வண்ணக்குச்சியின் தாளை உரித்து, பாதியாக ஒடித்து, படுக்கவைத்துத் தேய்ப்பது. ஒருநாள் பச்சை வண்ணத்தை எடுத்து ஒளித்துவிடுங்கள். மஞ்சள், நீலம், கொஞ்சம் சிவப்பு, வெள்ளை மட்டும். ஆளுக்கு ஓர் இலையைக் கொடுத்து, அந்தப் பச்சையைக் கலக்கச் சொல்லுங்கள். மஞ்சளில்தான் துளித்துளியாக நீலம் சேர்க்க வேண்டும். நீலத்தில் மஞ்சளை ஊற்றினால் அரைப் புட்டி தீர்ந்தாலும் நிறம் மாறுவதாகத் தெரியாது. துளி சிவப்பு விழுந்தால் பச்சை மங்கி, பழுக்கத் தொடங்கிய இலையின் நிறத்துக்குப் போகும்.

"வரைய வராது" என்கிற பிள்ளைகளின் சிக்கல் வேறு. எட்டு, ஒன்பது வயதில் கண் விழித்துக்கொள்கிறது. தான் வரைந்தது பார்த்ததைப் போல் இல்லை என்று தெரிந்துவிடுகிறது, அழிப்பான் ஓயாது. அவர்களுக்குப் பென்சில் வேண்டாம், பேனா கொடுங்கள். தன்னுடைய ஷூவை மேசைமேல் வைத்து, அதன் விளிம்பில் ஓர் எறும்பு நடப்பதுபோல் கண்ணை நகர்த்தி, தாளைப் பார்க்காமலே வரையட்டும். எல்லாருடையதும் கோணலாக வந்து வகுப்பே சிரிக்கும். ஆனால் கயிறு கோக்கும் துளைகளை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

நட்சத்திரங்களைத் தூக்கிப்போடுங்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு மழலையர் பள்ளியில் சோதித்தார்கள். வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பிறகு தாமாக வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிட்டது. அத்தனை பேரும் ஏற்கெனவே ஆசையாக வரைந்துகொண்டிருந்தவர்கள். எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்தவர்களுக்கு இந்தச் சரிவு இல்லை. "அழகு" என்ற சொல்லையும் கொஞ்சநாள் மறந்துவிடுங்கள். "இந்த ஆளுக்கு ஆறு பொத்தான் வைத்திருக்கிறாயே" என்று கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும். மீதிக் கதையைப் பிள்ளையே சொல்லும்.

கண்காட்சியில் 32 பேரின் படமும் தொங்கட்டும். பொறுக்கி எடுக்காதீர்கள். பிள்ளைகளின் கண் உயரத்தில் மாட்டி, படத்தைப் பற்றி அந்தந்தப் பிள்ளை சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே கீழே எழுதிவையுங்கள். அப்புறம், வண்ணம் கலக்கும் நாளில் தூரிகை அலசும் வாளியை வாசல் பக்கம் வைக்காதீர்கள். மணி அடித்ததும் 32 பேரும் அந்த வழியாகத்தான் ஓடுவார்கள்.