தெரிந்த கடைக்கு எத்தனை ஸ்டார் போடுவது?

கடைகளையும் ஓட்டல்களையும் பற்றி ரிவ்யூ எழுதுவது குறித்து நிறைய கேள்விகள் சேர்ந்துவிட்டன, அதனால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். வேறு வேறு மாதிரி கேட்டிருந்தாலும் பலருடைய தவிப்பும் ஒன்றுதான். உண்மையை எழுதினால் ஒருவர் பிழைப்பில் கைவைத்த மாதிரி ஆகுமோ, எழுதாமல் விட்டால் அடுத்து போகிறவர் காசு வீணாகுமோ.

கேள்வி: வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டல். மூன்று வருடமாக அங்கேதான் சாப்பிடுகிறேன், முதலாளி முகம் பார்த்துச் சிரிக்கும் அளவுக்குப் பழக்கம். இரண்டு மாதமாகச் சாப்பாடு சரியில்லை, போன வாரம் கொடுத்த டம்ளரில் அழுக்கு. ஒரு ஸ்டார் போட்டு எழுதலாம் என்று போனை எடுத்தேன், கை வரவில்லை. எழுதுவதா, விடுவதா?

பதில்: முதலில் அவரிடம் சொல்லுங்கள். மூன்று வருடம் சாப்பிட்ட இடம், அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது. கூட்ட நேரத்தில், நாலு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டாம். சாப்பிட்டு முடித்து, கல்லாவில் பணம் கொடுக்கும்போது, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ரெண்டு மாசமா ருசி மாறியிருக்கே, மாஸ்டர் மாறிட்டாரா?" என்று கேட்டால் போதும். பாதி நேரம் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கு வருவதெல்லாம் "நல்லா இருந்துச்சு" மட்டும்தான், ஏனென்றால் பிடிக்காதவர்கள் சண்டை போடுவதில்லை, பில்லைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அப்புறம் வருவதே இல்லை. ஏன் கூட்டம் குறைகிறது என்று அவருக்குப் புரிவதற்குள் கடை பாதி படுத்துவிடும். அதனால் நேரில் சொல்கிற வாடிக்கையாளர் அவருக்குப் பெரிய உதவி செய்கிறார்.

டம்ளர் விஷயம் வேறு. அதற்குக் கல்லா வரை காத்திருக்கக்கூடாது. அந்த இடத்திலேயே சர்வரைக் கூப்பிட்டு, டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுங்கள். விளிம்பில் முன்னால் குடித்தவரின் உதட்டு அடையாளம் ஒட்டியிருக்கிறதா, அடியில் சோப்பு வெள்ளையாக வளையம் கட்டியிருக்கிறதா என்பதை நீங்களும் நன்றாகப் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது கழுவவே இல்லை என்பதைக் காட்டுகிறது, இரண்டாவது கழுவி ஒழுங்காக அலசவில்லை என்பதைக் காட்டுகிறது. அடுத்து அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் கடையின் குணம் தெரியும். வேறு டம்ளர் கொண்டுவந்து வைத்தால் ஒரு விதம். தோளில் கிடக்கும் ஈரத் துணியால், சற்று முன்பு மேசை துடைத்த அதே துணியால், உள்ளே ஒரு சுற்று சுற்றித் திரும்ப வைத்தால் அந்தக் கடையைப் பற்றி எழுதத் தயங்கவே வேண்டாம்.

ருசிக்கு மட்டும் இன்னும் இரண்டு தடவை வாய்ப்புக் கொடுங்கள். நியூயார்க் டைம்ஸ் மாதிரியான பத்திரிகைகளின் உணவு விமர்சகர்கள் ஒரு இடத்துக்குப் பொதுவாக மூன்று முறையாவது போய்ச் சாப்பிட்ட பிறகுதான் எழுதுவது வழக்கம், சாப்பாட்டைச் சொல்லிப் பிழைப்பவர்களே ஒரு வேளையை நம்புவதில்லை. சின்னக் கடைகளை நம் ஸ்டார் எவ்வளவு தொடுகிறது என்பதும் கணக்குப் போட்டுப் பார்க்கப்பட்ட விஷயம். அப்போது ஹார்வர்டு வணிகப் பள்ளியில் இருந்த மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர ஓட்டல்களின் வருமானத்தை யெல்ப் என்ற ரிவ்யூ தளத்தின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு 2011-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று கண்டார். அந்த ஏற்றம் கிளை இல்லாத தனிக் கடைகளுக்குத்தான், ஊரெங்கும் கிளை வைத்திருக்கும் பெரிய ஓட்டல்களை ஸ்டார் அசைக்கவில்லை. பெரிய பெயர் இருப்பவரை யாரும் ரிவ்யூ பார்த்துத் தேடிப் போவதில்லை, சின்னவருக்கு அந்த ஸ்டார்தான் பெயர்.

அவரிடம் சொல்லியும், இரண்டு முறை போயும் மாறவில்லை என்றால் எழுதுங்கள். மூன்று வருடம் நன்றாக இருந்தது, இந்த இரண்டு மாதமாக இப்படி, சொல்லியும் சரியாகவில்லை என்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். அந்த மூன்று வருடத்தை விட்டுவிட்டு எழுதினால் அது முழு உண்மை ஆகாது.

கேள்வி: நான் எழுதும் ரிவ்யூ யாருக்கும் பயன்படுவதாகத் தெரியவில்லை. "சூப்பர்", "மோசம்" தவிர எனக்கு எழுத வரவில்லை. எப்படி எழுதுவது?

பதில்: கண்ணால் பார்த்ததை எழுதினால் போதும், எழுத்துத் திறமை வேண்டாம். "சேவை மோசம்" என்று படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. "ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு நான்கு பேர் போனோம், ஆர்டர் எடுக்க இருபது நிமிடம், மூன்று பேருக்குச் சாப்பாடு வந்து முடித்த பிறகுதான் நாலாவது ஆளுக்கு வந்தது, கேட்டதற்கு யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை" என்று எழுதினால் அவர் தனக்கு இது ஒத்துவருமா என்று தானே முடிவு செய்துகொள்வார். தனியாக, வார நாளில் போகிறவருக்கு அது ஒரு குறையே இல்லாமல் போகலாம். குழந்தையைக் கூட்டிப் போகிறவர் வேறு கடை பார்ப்பார்.

இப்படி எழுதுவதில் இன்னொரு லாபமும் உண்டு. 2011-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, சிகாகோ நகர ஓட்டல் விடுதிகள் 20-ஐப் பற்றி உண்மையான பாராட்டு ரிவ்யூ 400, காசு கொடுத்து எழுத வைத்த போலி ரிவ்யூ 400 எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. மனிதர்களிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் பூவா தலையா போட்டுப் பார்த்த மாதிரிதான் முடிவு வந்தது. ஆனால் கணினி நிரல் கிட்டத்தட்ட 90 சதவீதம் சரியாகப் பிரித்தது. நிஜமாகத் தங்கியவர்கள் குளியலறை, தளம், இடத்தின் அளவு என்று அந்த இடத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். போகாதவர்களுக்கு அந்த இடம் தெரியாதே, அதனால் யாரோடு வந்தேன், எதற்காக வந்தேன் என்று தங்களைப் பற்றியே எழுதியிருந்தார்கள். ஆகவே இடத்தை எழுதுங்கள். படிக்கட்டு செங்குத்தா, வயதானவர் ஏற முடியுமா, மேசைகளுக்கு நடுவே நாற்காலியை இழுக்க இடம் இருக்கிறதா, பில்லில் போட்ட தொகையும் பலகையில் எழுதிய விலையும் ஒன்றா.

எழுதும் நேரத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் சுமார் 11 லட்சம் ஓட்டல் ரிவ்யூக்களை வைத்து 2014-இல் ஒரு ஆய்வு வந்தது. மழையோ பனியோ பெய்த நாட்களில் எழுதியவற்றில் மதிப்பெண் குறைந்திருந்தது. மழைக்குச் சமையல்காரர் என்ன செய்வார்? நனைந்துகொண்டோ, பசியோடோ, வேறு எங்கோ சண்டை போட்டுவிட்டோ வந்த நாளில் குறிப்பு மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் காலையில் எழுதலாம்.

கேள்வி: ஐந்து ஸ்டார் போட்டுக் காட்டினால் பில்லில் தள்ளுபடி என்கிறார்கள். கடையும் நல்ல கடைதான். போட்டால் என்ன தப்பு?

பதில்: போடாதீர்கள். நல்ல கடை என்றால் வீட்டுக்கு வந்து, எந்தத் தள்ளுபடியும் வாங்காமல் போடுங்கள். அவர்கள் கேட்பது ரிவ்யூ அல்ல, ஐந்து ஸ்டார். நான்கு போட்டால் தள்ளுபடி கிடையாது என்றால் அதை விலைக்கு வாங்குவது என்றுதான் சொல்ல வேண்டும். கூகுள் தன் தளத்தில் இப்படிச் சலுகை கொடுத்து எழுத வைப்பதைத் தடை செய்திருக்கிறது. அமெரிக்காவில் குறிப்பிட்ட விதமாகத்தான் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு சலுகை கொடுப்பது 2024 அக்டோபர் 21 முதல் சட்டப்படி தவறு, பிரிட்டனில் 2025 ஏப்ரலில் இருந்து போலி ரிவ்யூக்களுக்குத் தடை இருக்கிறது, இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2022-இல் இணைய ரிவ்யூக்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரக்குறிப்பை வெளியிட்டது. சட்டத்தை விடுங்கள், அந்தக் கடையின் 4.9-ஐ நம்பி அடுத்த தெருவில் இருந்து ஒருவர் குடும்பத்தோடு வருவாரே, அவருக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: என் தோழி புதிதாக அழகு நிலையம் திறந்திருக்கிறாள். நண்பர்கள் எல்லோரும் ஐந்து ஸ்டார் போட்டுத் தொடங்கி வைக்கச் சொல்கிறாள்.

பதில்: தொடக்கத்தில் விழும் ஸ்டாருக்குப் பலம் அதிகம் என்பது உண்மைதான். செய்தித் தளம் ஒன்றில் கருத்துகளுக்கு ஆய்வாளர்கள் தாங்களாகவே முதல் பாராட்டு வாக்கைப் போட்டுவிட்டுப் பார்த்தார்கள், கடைசியில் அவற்றின் மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியிருந்தது (2013-இல் சயன்ஸ் இதழில் வந்தது). முன்னால் போனவர் நல்லது என்றால் பின்னால் வருபவரும் தலையாட்டிவிடுகிறார். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். காசு கொடுத்து முடி வெட்டிக்கொண்டு, தோழி என்பதையும் சொல்லி எழுதுவதானால் எழுதுங்கள். இல்லையென்றால் அவளுக்கு இப்போது அதிகம் உதவுவது, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு மேலே விளக்கு கண்ணைக் கூசுகிறது, காத்திருக்கும் இடத்தில் காற்று வரவில்லை என்று அவளிடம் நேராகச் சொல்வதுதான்.

கேள்வி: 4.8 இருக்கும் கடைக்குப் போவதா, 4.3 இருக்கும் கடைக்கா?

பதில்: எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 2017-இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை ஓட்டல் என்று ட்ரிப்அட்வைசர் என்ற ரிவ்யூ தளத்தில் பதிவு செய்து, நண்பர்களை விட்டு ரிவ்யூ எழுத வைத்து, லண்டனின் முதல் இடத்துக்கே கொண்டுபோனார். அதுவரை அங்கே ஒருவர்கூடச் சாப்பிட்டதில்லை. நான் முதலில் பார்ப்பது இரண்டு, மூன்று ஸ்டார் போட்டவர்களை. ஒன்று போட்டவர் கோபத்தில் இருப்பார், ஐந்து போட்டவர் சந்தோஷத்தில் இருப்பார், நடுவில் இருப்பவர்தான் இது நன்றாக இருந்தது, அது இல்லை என்று பிரித்துச் சொல்வார். அப்புறம் தேதி. கடைசி மூன்று மாதத்தில் ஒரே குறையைத் தொடர்பில்லாத நாலு பேர் சொல்லியிருந்தால் 4.8 ஆனாலும் நம்பமாட்டேன்.

கேள்வி: பர்னிச்சர் கடை ஒன்றைப் பற்றி உள்ளதை எழுதினேன். "அழிக்காவிட்டால் வழக்குப் போடுவேன்" என்று போன் வந்தது. பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். "தேக்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள், மூன்றாவது வாரத்தில் காலின் மேல்பூச்சு உரிந்து உள்ளே மரத்தூள் பலகை தெரிந்தது" என்பது நீங்கள் கண்டது. "திருட்டுக் கும்பல், எல்லாரையும் ஏமாற்றுகிறார்கள்" என்பது நீங்கள் காணாதது, மற்றவர்களை ஏமாற்றியதை நீங்கள் பார்க்கவில்லையே. இரண்டாவது மாதிரி ஏதாவது இருந்தால் அதை எடுத்துவிடுங்கள், முதலாவதை அப்படியே விடுங்கள். பில், உரிந்த இடத்தின் போட்டோ, கடைக்காரருடன் பேசிய செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மிரட்டல் போனில் வந்தால், எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஒரு இணையக் கடை, குறை எழுதிய வாடிக்கையாளரிடம் 3,500 டாலர் அபராதம் கேட்ட கதை நடந்தது, குறை எழுதக்கூடாது என்ற அந்த மாதிரி வாய்ப்பூட்டு நிபந்தனைகள் செல்லாது என்று அங்கே 2016-இல் சட்டமே வந்துவிட்டது. அவதூறுச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, அதனால் வக்கீல் நோட்டீஸ் நிஜமாகவே வந்தால் நீங்களும் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் பதில் எழுதுங்கள்.

கேள்வி: கோபத்தில் எழுதிவிட்டேன், அப்புறம் தவறு பாதி என் மேல் என்று தெரிந்தது. அழித்துவிடலாமா?

பதில்: எனக்கும் இது நடந்திருக்கிறது. போன் ரிப்பேருக்குக் கொடுத்தேன், இரண்டு நாள் என்றார்கள், ஒன்பது நாள் ஆனது, ஒரு தகவலும் இல்லை. ஒரு ஸ்டார் போட்டு, பொறுப்பில்லாதவர்கள், வாடிக்கையாளரை மதிக்காதவர்கள் என்று நீளமாக எழுதினேன். போனை வாங்கப் போனபோது சீட்டைக் காட்டினார்கள். முதலில் வந்த டிஸ்பிளே பழுது, திருப்பி அனுப்பி வேறு வரவழைத்திருக்கிறார்கள், அதற்கு என்னிடம் கூடுதலாக வாங்கவில்லை. நான்கு முறை கூப்பிட்டதும் சீட்டில் தேதியோடு இருந்தது. நான் எழுதிக் கொடுத்த நம்பர் அந்தப் போனின் நம்பரேதான், சிம் என் மேசை இழுப்பறைக்குள் கிடந்தது.

அழித்தால் முன்னால் படித்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாமலே போகும். அதனால் நான் அழிக்கவில்லை, முதலில் எழுதியதன் மேலேயே தேதி போட்டு, நடந்தது இது, அவர்கள் நான்கு முறை அழைத்திருக்கிறார்கள், தாமதத்துக்குக் காரணம் பழுதான பாகம், நான் எழுதியது தவறு என்று சேர்த்து, ஸ்டாரை நான்காக மாற்றினேன். ஐந்து போடவில்லை, ஏனென்றால் ரிப்பேருக்குப் போனைக் கொடுப்பவரிடம் வேறு நம்பர் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும், அதையும் எழுதினேன். சில மாதம் கழித்து வேறொரு வேலைக்காக அங்கே போனேன், கவுண்டரில் இருந்த பையன் சீட்டுப் புத்தகத்தைத் திறந்ததும் முதலில் கேட்டது, "சார், வீட்ல வேற யார் நம்பராவது ஒண்ணு குடுங்க."