நாய்க்குட்டிக்குப் பச்சைக் கறி கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு ஈரோட்டுக்குப் பக்கத்தில் உள்ளது. 5 மாதச் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றை வளர்க்கிறோம். எடை சுமார் 10 கிலோ. இதுவரை பால் சோறு, தயிர் சோறு, எப்போதாவது முட்டை கொடுத்துவந்தோம். விலா எலும்பு தெரிகிற அளவுக்கு மெலிந்திருக்கிறது. குட்டியைக் கொடுத்தவர், “நாய் ஓநாயின் வழிவந்தது, பச்சைக் கறிதான் அதற்கு இயற்கை உணவு, கோழித் தலை, கால், கழுத்து எல்லாம் வாங்கிப் பச்சையாகவே போடுங்கள், உடம்பு தேறிவிடும்” என்கிறார். கடையில் ஆட்டு நுரையீரலும் மலிவாகக் கிடைக்கிறது. வீட்டில் 2 வயதுக் குழந்தை இருக்கிறாள். மாமியாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. பச்சையாகக் கொடுக்கலாமா, கொடுத்தால் எவ்வளவு?

பதில்: உங்கள் குட்டிக்குக் கறி வேண்டும், பச்சையாக வேண்டாம். ஆட்டு நுரையீரலைப் பச்சையாக எந்த வயது நாய்க்கும் கொடுக்காதீர்கள். பால் சோறும் தயிர் சோறும் மட்டும் தின்று ஒரு வேட்டை நாய்க்குட்டி சரியாக வளராது என்பதால், உணவை மாற்ற நினைத்தது நல்ல முடிவே. ஆனால் எதற்கு மாற்றுகிறோம் என்பதில் அவசரம் கூடாது.

முதலில் மெலிவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஓட்ட நாய்களுக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் வெளியே தெரிவது இயல்பு. அவற்றை லாப்ரடார் போல உருட்டித் திரட்ட முயல்வது வளரும் மூட்டுகளுக்குக் கேடு. முதுகெலும்பின் முனைகளும் இடுப்பெலும்பும் துருத்தி, தொடைச் சதை வற்றியிருந்தால்தான் அது மெலிவு. அப்படி இருந்தால் உணவை மாற்றுவதற்கு முன் மலப் பரிசோதனை செய்து குடற்புழு நீக்குங்கள். இந்த வயதில் உடம்பு தேறாமைக்குப் புழுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

பச்சைக் கறி உணவு என்பது உங்களுக்குக் குட்டி கொடுத்தவரின் சொந்தக் கருத்து அல்ல. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு, எலும்பும் பச்சைக் கறியும் சேர்ந்த உணவு முறை உலகெங்கும் பரவியது. அதைப் பின்பற்றுபவர்கள் சொல்லும் சில பலன்கள் உண்மைதான். கொழுப்பு கூடுவதால் முடி பளபளக்கும். நார்ச்சத்து குறைவதால் மலம் சிறிதாகவும் இறுகியும் வரும். ஆனால் இவை பச்சையாக இருப்பதால் வரும் பலன்கள் அல்ல. கறியும் கொழுப்பும் கூடியதால் வருபவை, வேகவைத்துக் கொடுத்தாலும் பெரும்பாலும் கிடைப்பவை. பச்சைக் கறியில் உள்ள நொதிகள் செரிமானத்துக்கு அவசியம் என்பதும் சரியல்ல. நாய்க்கு வேண்டிய செரிமான நொதிகளை அதன் கணையமே சுரக்கிறது.

ஓநாய் வாதத்துக்கும் பதில் இருக்கிறது. மனிதனோடு வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நாயின் குடல் வேலை மாறிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் மரபணு ஓநாய்க்குப் பொதுவாக 2 நகல்களே இருக்க, நாய்களில் 4 முதல் 30 நகல்கள் வரை இருப்பதை 2013இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு காட்டியது. நம் தென்மாவட்டங்களில் முயலைத் துரத்திப் பிடித்த வேட்டை நாய்களுக்குக் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் பாலும்தான் அன்றாட உணவாக இருந்தன என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த உணவு முழுமையானது என்று நான் சொல்லவில்லை. தானியம் நாய்க்கு விஷம் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை என்பதைச் சொல்கிறேன்.

இப்போது குட்டியின் எலும்புக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், வளரும் குட்டிக்குப் பச்சையா வேகவைத்ததா என்பதைவிடப் பெரிய கேள்வி இதுதான். 100 கிராம் எலும்பில்லாத கோழிக் கறியில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், 10 முதல் 15 மில்லிகிராம்தான் இருக்கிறது. பாஸ்பரஸ் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. குட்டிக்குத் தேவையோ பாஸ்பரஸைவிடச் சற்றுக் கூடுதலான கால்சியம். வெறும் கறியை வாரக்கணக்கில் தின்னும் குட்டியின் இரத்தத்தில் கால்சியம் குறையத் தொடங்கும்போது, பாராதைராய்டு சுரப்பி தூண்டப்பட்டு, எலும்பிலிருந்தே கால்சியத்தைக் கரைத்து எடுத்து இரத்தத்துக்குத் தந்துவிடுகிறது. அதனால் இரத்தப் பரிசோதனை பல சமயம் இயல்பாகவே இருக்கும், எலும்புதான் கரைந்துகொண்டிருக்கும். இப்படி வரும் குட்டிகளை மருத்துவமனை மேசையில் நிறுத்தினால் முன்னங்கால் மணிக்கட்டு தாழ்ந்து, பாதம் தட்டையாக விரிந்து நிற்கும். முதுகில் கை வைத்தாலே கத்தும். எக்ஸ்ரே எடுத்தால் வெள்ளை வெளேரென்று தெரிய வேண்டிய எலும்பு, சுற்றியுள்ள சதையின் சாம்பல் நிறத்திலேயே மங்கிக் கிடக்கும். சோபாவிலிருந்து குதித்ததற்கே தொடை எலும்பு மடிந்திருக்கும். வீட்டாரோ, “தினமும் கறிதான் டாக்டர் போடுகிறோம், ஒரு குறையும் வைக்கவில்லை” என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. அன்பில் குறையில்லை, கால்சியத்தில்தான் குறை.

“கால், கழுத்து, தலையில் எலும்பு இருக்கிறதே, அதில் கால்சியம் வந்துவிடாதா?” என்று நீங்கள் கேட்கலாம். வரும், ஆனால் எவ்வளவு என்பது கடைக்காரர் அன்று பையில் எதை அள்ளிப் போடுகிறார் என்பதைப் பொறுத்தது. ஒரு நாள் முழுக்கத் தோலும் கொழுப்புமாக இருக்கும். மறுநாள் முழுக்கக் காலாக இருக்கும். பெரிய நாயின் குடல், தேவைக்கு மேற்பட்ட கால்சியத்தை ஏற்காமல் தள்ளிவிடும். ஏறத்தாழ 6 மாதம் நிறையாத குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு முழுமையாக வந்திருக்காது. மிகுந்தால் மிகுந்ததை உடம்பு ஏற்றுக்கொள்ளும், அதுவும் எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கும். எனவே கண்ணளவில் எலும்பு போடுவது இந்த வயதில் இரு பக்கமும் ஆபத்து. இதோடு, ஆவலாகத் தின்னும் குட்டி கோழிக் கழுத்தை மெல்லாமல் விழுங்கி உணவுக்குழாயில் சிக்கவைத்துக்கொள்வதும் உண்டு. வேகவைத்த எலும்பு கூர்மையாகச் சிதறும் என்பதால் அதைக் கொடுக்கவே கூடாது. பச்சை எலும்பு அந்த அளவுக்குச் சிதறாது என்பதற்காக அதைப் பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது.

அடுத்தது கிருமி. நம் ஊர்க் கோழிக்கடையில் தலையும் காலும் தோலும் கழிவு டிரம்மில் வெளி வெப்பத்திலேயே கிடக்கின்றன. கோழியின் குடலில் இயல்பாகவே வாழும் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் பரவவும், அவற்றில் சால்மொனெல்லா அந்த வெப்பத்தில் பெருகவும் இதைவிட வசதி வேண்டியதில்லை. நாயின் வயிற்று அமிலம் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்பார்கள். கனடாவில் 2007இல் வெளியான ஆய்வொன்றில், சால்மொனெல்லா கலந்த பச்சை உணவைத் தின்ற 16 நாய்களில் 7 நாய்கள் அந்தக் கிருமியை மலத்தில் வெளியேற்றின. அவற்றில் எதற்கும் நோய் அறிகுறி இல்லை. உங்கள் வீட்டுக்குக் கவலை தருவது இதுதான்: நாய் நன்றாகத் துள்ளிக்கொண்டிருக்கும், கிருமி அதன் வாயிலும் மலத்திலும் இருக்கும். குட்டி தின்ற வாயோடு வந்து குழந்தையின் முகத்தை நக்கும். குழந்தை அதே தரையில் விழுந்ததை எடுத்து வாயில் போடுவாள். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு இந்தக் கிருமிகளின் தொற்று சாதாரண வயிற்றுப்போக்கோடு நிற்காமல் இரத்தத்தில் கலக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். உங்கள் வீட்டில் இந்தப் பட்டியலில் இருவர் இருக்கிறார்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இல் பச்சை இறைச்சி உணவை ஊக்குவிக்க வேண்டாம் என்று முடிவெடுத்ததற்கு, நாயின் நலனோடு வீட்டு மனிதர்களின் நலனும் காரணம்.

நாய்க்கே பாதிப்பு வராது என்றும் எண்ண வேண்டாம். நாய்களில் பின்னங்கால் தளர்ந்து நான்கு காலும் செயலிழக்கும் ஒரு நரம்பு நோய்க்கும், பச்சைக் கோழி வழியே வரும் கேம்பைலோபாக்டருக்கும் தொடர்பு இருப்பதை மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள். பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் ஆபத்து இன்னும் கூடும். தாய்லாந்தில் 2004இல் நோயுற்ற வாத்தின் கறியைத் தின்ற நாய் ஒன்று எச்5என்1 தொற்றால் இறந்தது பதிவாகியிருக்கிறது. ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்பதும் தவறு. உறைநிலை பாக்டீரியாவை உறங்கவைக்கும், கொல்லாது.

ஆட்டு நுரையீரலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாய்க்குப் பிரச்சினையாகவே தெரியாத ஒன்று அதில் இருக்கிறது. இறைச்சிக்கூடத்தில் ஆடு, மாடுகளின் நுரையீரலையும் ஈரலையும் அறுக்கும்போது சில சமயம் சுண்டைக்காய் அளவிலோ எலுமிச்சை அளவிலோ வெண்ணிறத் தோலுடன் நீர்க்கட்டிகள் தென்படும்; குத்தினால் தெளிந்த நீர் பீறிடும். அது எகினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் இளம் பருவம். ஒரே கட்டிக்குள் ஆயிரக்கணக்கான புழுத்தலைகள் இருக்கலாம். நாய் அதைப் பச்சையாகத் தின்றால் 6, 7 வாரங்களில் அதன் குடலில் புழுக்கள் முதிர்ந்து முட்டையிடத் தொடங்கும். முதிர்ந்த புழுவே சில மில்லிமீட்டர் நீளம்தான். மலத்தில் கண்ணுக்குத் தெரியாது, நாயும் நோஞ்சான் ஆகாது. முட்டைகள் மலத்தோடு வெளியேறி நாயின் முடியிலும் மண்ணிலும் ஒட்டும். நாயைக் கட்டிக்கொண்டு விளையாடும் குழந்தையின் கை வழியே அவை வயிற்றுக்குள் போனால், ஆட்டுக்கு வந்த அதே நீர்க்கட்டி மனித ஈரலிலும் நுரையீரலிலும் வருடக்கணக்கில் சத்தமின்றி வளரும். பல சமயம் அறுவை சிகிச்சையில்தான் முடியும். இந்தியாவில் இது அரிய நோய் அல்ல. குடல், ஈரல், நுரையீரல் எதுவானாலும், கட்டி உள்ள பகுதியை எறியாமல் புதைத்துவிட்டு, மற்றதைத் துண்டாக்கி, கொதிக்கத் தொடங்கியபின் அரை மணி நேரம் வேகவைத்தே கொடுங்கள்.

என்ன கொடுப்பது? 10 கிலோ எடையுள்ள 5 மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 800 கிலோகலோரி வேண்டும். வளரும் குட்டிகளுக்கான முழுமையான, சமச்சீரான உணவு என்று பையில் அச்சிட்டுள்ள உலர் உணவில் இது சுமார் 220 முதல் 240 கிராம் வரும். மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். அதன்மேல் ஒரு வேகவைத்த முட்டை, அல்லது எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக் கறி 50 கிராம், கறி வெந்த நீரோடு சேர்க்கலாம். வேகும்போது கறியிலிருந்து இறங்கும் பி வைட்டமின்களில் ஒரு பகுதி அந்த நீரில்தான் இருக்கும், வீணாக்காதீர்கள். அந்தக் கறியில் உப்போ மசாலாவோ வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிப்பவை என்பதால் குழம்புக் கறி அறவே கூடாது. தயிர் சோறு பிடித்திருந்தால் ஓரிரு கரண்டி தரலாம். புதிய உணவுக்கு ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

வீட்டிலேயே சமைத்துப் போட வேண்டும் என்ற விருப்பத்தை நான் மதிக்கிறேன்; பல குடும்பங்களுக்குச் செலவும் அதில்தான் கட்டுப்படும். ஆனால் இணையத்தில் கிடைக்கும் குறிப்பை நம்பி இறங்காதீர்கள். புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைக் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 2013இல் அலசியபோது, அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அத்தியாவசியச் சத்தாவது குறைந்திருந்தது. கால்சியத்தோடு துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவையும் கணக்கில் வர வேண்டும். ஒரு தேக்கரண்டி முட்டை ஓட்டுத் தூளில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. பெரிய நாய்க்கு அது நல்ல மூலம், வளரும் குட்டிக்குப் பாஸ்பரஸும் சேர்ந்து தேவைப்படுவதால் அது மட்டும் போதாது. உங்களுக்கு நாமக்கல் பக்கம்தான். அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் குட்டியின் எடையைக் காட்டி, உங்கள் வீட்டில் கிடைக்கும் பொருட்களை வைத்தே அளவு எழுதித் தரக் கேளுங்கள்.

குட்டி ஒன்றரை வயதைத் தாண்டி, குழந்தையும் வளர்ந்தபின் பச்சைக் கறிதான் வேண்டும் என்று நினைத்தால், அப்போதும் என் விருப்பம் வேகவைத்ததே. மீறிக் கொடுப்பவர்கள் மனிதர் உண்ணும் தரத்திலான கறியை மட்டும் வாங்கி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடிய பாத்திரத்தில் உறைநீக்கி, தனிக் கத்தி, தனிப் பலகை, தனித் தட்டு வைத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் தின்னாததை அகற்றி, தின்ற இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவிப் பிறகு ப்ளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும். மீனைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. சில மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி உண்டு. பிராசிகுவான்டெல் சேர்ந்த புழு மருந்தை எவ்வளவு நாளைக்கு ஒருமுறை தருவது என்பதையும் மருத்துவரிடம் கேட்டு நடக்க வேண்டும்.

ஏற்கெனவே சில நாள் பச்சையாகக் கொடுத்துப் பார்த்திருந்தால் இன்றே நிறுத்திவிட்டு, குட்டியின் மலத்தை உடனுக்குடன் அள்ளிப் புதையுங்கள். குழந்தையின் கையைச் சாப்பாட்டுக்கு முன் சோப்பால் கழுவுங்கள். நுரையீரலோ ஈரலோ பச்சையாகத் தின்றிருந்தால் 6 வாரம் முடியும் முன்பே பிராசிகுவான்டெல் கொடுத்துவிட வேண்டும். குட்டி நொண்டினாலோ, எச்சில் வடித்துக் கழுத்தை நீட்டிக் குமட்டினாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, பின்னங்கால் தள்ளாடினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குழந்தைக்கோ மாமியாருக்கோ காய்ச்சலுடன் வயிற்றுப்போக்கு வந்தால், வீட்டு நாய்க்குப் பச்சைக் கோழி கொடுத்த விவரத்தை அவர்களின் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.