குழந்தைக்குன்னு தனித் தொண்டையா?

வணக்கம் சார். சென்னையில நாடகம் பண்ணிட்டிருக்கேன். ஒரு ஆப்ல குழந்தைக் கதைகளுக்குக் குரல் கொடுக்கக் கூப்பிடறாங்க. போனா பொம்மைக் குரல்காரன்னு முத்திரை குத்திடுவாங்கன்னு ஃப்ரெண்ட்ஸ் பயமுறுத்தறாங்க. நீங்க ஒருதடவை பேசின இங்கிலாந்து நடிகர் பெர்னார்ட் கிரிபின்ஸ் கரியர் அதனால வீணாச்சா? அப்புறம், என்ன மைக் வாங்கலாம்?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

தம்பி, மைக்கெல்லாம் எனக்குத் தெரியாது, ரிச்சி ஸ்ட்ரீட்ல யாரையாவது கேளு. மத்ததப் பத்தி நானே யோசிச்சிட்டுதான் இருந்தேன். போன வாரம் ஒரு பர்த்டே பார்ட்டில கதை சொல்ல வந்த ஆளு "ஹாய்ய்ய் குட்டீஸ்"னு மூக்கால கத்தினதுல காது இன்னும் அடைச்சுக் கிடக்கு.

கிரிபின்ஸ் 1928ல இங்கிலாந்துல ஓல்டாம்ங்கற ஊர்ல ஏழை வீட்ல பிறந்தவர், சின்ன வயசுலயே படிப்ப விட்டுட்டு ஊர் நாடகக் கம்பெனில சேர்ந்தவர். 1962ல பாடின காமெடிப் பாட்டு ஹிட், தயாரிச்சது பீட்டில்ஸ் பாட்டுகளத் தயாரிச்ச அதே ஜார்ஜ் மார்ட்டின். 1973ல வாம்பிள்ஸ்னு குழந்தைங்க டிவி தொடர், லண்டன்ல விம்பிள்டன் பக்கம் ஜனங்க போட்டுட்டுப் போற குப்பையப் பொறுக்கிக் குடித்தனம் நடத்தற ஜந்துங்க கதை, எல்லா கேரக்டருக்கும் இவர் ஒருத்தரே குரல். வீணாச்சான்னா கேக்கற? 1975ல ஃபால்ட்டி டவர்ஸ்ங்கற காமெடித் தொடர்ல ஸ்பூன் விக்கிறவரா வந்து, ஹோட்டல் இன்ஸ்பெக்டர்னு நினைச்சு ஹோட்டல் முதலாளியா நடிச்ச ஜான் கிளீஸ் குழையறப்ப இவர் மூஞ்சியப் பாரு, அப்புறம் உன் ஃப்ரெண்ட்ஸுக்கும் போட்டுக் காட்டு.

முக்கியமா ஜாக்கனோரி, குழந்தைங்களுக்குக் கதை படிக்கிற பிபிசி டிவி ப்ரோக்ராம். நூறு தடவைக்கு மேல வந்து கதை படிச்சார். ஒரு நாற்காலி, ஒரு ஆளு, நடுநடுல கொஞ்சம் படம், அவ்வளவுதான் ப்ரோக்ராமே. கொஞ்சல் கிடையாது, குதியாட்டம் கிடையாது, நேரா லென்ஸப் பாத்து அப்புறம் என்னாச்சு தெரியுமாங்கற தொனில பேசிட்டே போவார். எங்க அம்மாச்சியும் அப்படித்தான், முறத்துல அரிசி வச்சு கல் பொறுக்கிக்கிட்டே கதை சொல்லும், பால்காரன்கிட்ட தண்ணி கலந்தியான்னு கேக்கற அதே தொண்டைலதான் ராட்சசனும் பேசுவான். ஆனா ராட்சசன் கதவுகிட்ட வந்ததும் விரல் நின்னுடும், ஒரு கல்ல எடுத்து வாசல்ல சுண்டிட்டுதான் அடுத்த வார்த்தை, அதுக்குள்ள எங்களுக்கு வயித்தக் கலக்கிடும். குரல மாத்தினாதான் குழந்தைக்குப் பிடிக்கும்னு எந்தப் புண்ணியவான் சொன்னான்? நடிக்கிறவன பொடிசுங்க மோப்பம் பிடிச்சிடும்டா, பெரியவங்கதான் பாவம்னு கை தட்டுவோம். குழந்தைக்கு ஒரு நடிப்பு, பெரியவனுக்கு ஒரு நடிப்புன்னு பிரிச்சு வச்சிருக்கிற நடிகன் ரெண்டுலயும் அரைகுறைதான்.

81 வயசுல டாக்டர் ஹூங்கற சயின்ஸ் ஃபிக்‌ஷன் டிவி தொடர்ல, வில்ஃப்ரெட் தாத்தா. 2010 புத்தாண்டு அன்னிக்கு வந்த எபிசோட், கண்ணாடிக் கூண்டுக்குள்ள மாட்டிக்கிட்டு, கொஞ்சம் வெளிய விடறியாங்கற கூச்சத்தோட நாலே நாலு தட்டு தட்டுவார். நாலு தட்டு கேட்டா சாவுன்னு ஹீரோ டாக்டருக்கு முன்னாடியே ஜோசியம் சொல்லியாச்சு, அதுதான் சாவு மணி, டாக்டரா நடிச்ச டேவிட் டென்னன்ட் மூஞ்சி விழுந்துடும். கிழவர் அழுது புரளல, என்ன விட்டுட்டுப் போயிடு, நான் வாழ்ந்து முடிச்சவன்னு சொல்றார். ஜாக்கனோரி நாற்காலில உக்காந்திருந்த அதே ஆளுதான். 2022ல, 93 வயசுல போனார்.

நீ ஒத்துக்கோ. "இன்னும் க்யூட்டா பேசுங்க"ன்னா முடியாதுன்னு சொல்லு. ஒரு கதைக்கு எவ்வளவுன்னு எழுத்துல வாங்கிக்கோ, கம்ப்யூட்டருக்கு உன் குரலக் கத்துக்கொடுத்துப்போம்னு பொடி எழுத்துல எங்கயாவது போட்டிருந்தா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணு, தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருக்கார்.