வாசகர் கேள்வி – பதில்: புளூபேர்டும் ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியாவும்

நீர்மேல் வேகச் சாதனைகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில், பெரும்பாலானவை இரண்டே படகுகளைச் சுற்றி வந்தன. ஒன்று பிரிட்டனைச் சேர்ந்த டொனால்டு கேம்பெல்லின் புளூபேர்ட் கே7. மற்றொன்று சிட்னியைச் சேர்ந்த கென் வார்பியின் ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியா. ஆகவே இம்முறை அவ்விரண்டுக்கு மட்டுமே இடம் ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: 1967ஆம் ஆண்டிலேயே கேம்பெல்லின் படகு மணிக்கு 528 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிட்டது என்று படித்தேன். வார்பியின் சாதனையோ 511 கிலோமீட்டர்தான். அப்படியிருக்க, வார்பியின் படகே விரைவானது என்று எதைக்கொண்டு சொல்கிறீர்கள்? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: நீங்கள் குறிப்பிடும் இரண்டு எண்களும் சரியானவையே, ஆனால் அவை ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டவை அல்ல. சாதனையாக ஏற்கப்படுவதற்கு, ஒரு படகு முழுவேகத்தில் வந்து அளந்து குறிக்கப்பட்ட ஒரு கிலோமீட்டரைக் கடக்க வேண்டும்; பிறகு ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் அதே தொலைவைக் கடக்க வேண்டும்; இரண்டு ஓட்டங்களின் சராசரிதான் ஏட்டில் ஏறும். காற்றும் அலையும் ஒரு பக்கமாகத் துணைபோய்விடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. நீங்கள் சொன்ன 528, கேம்பெல்லின் உயிரைப் பறித்த 1967 விபத்தில் கே7 கவிழ்வதற்குச் சற்று முன்னர் ஒரு கணம் எட்டிய உச்சம். 511.11 என்பது வார்பி இரு திசைகளிலும் ஓட்டிக் காட்டிய சராசரி.

சராசரியோடு சராசரியை வைத்துப் பார்த்தால் கணக்கு தெளிவாகிவிடும். கே7 முறைப்படி எட்டிய மிகுவேகம், 1964 டிசம்பர் 31 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் டம்பிள்யங் ஏரியில் பதிவான 444.71 கிலோமீட்டர். ஸ்பிரிட் 1978 அக்டோபர் 8 அன்று நியூ சவுத் வேல்ஸின் புளோவரிங் நீர்த்தேக்கத்தில் 511.11 கிலோமீட்டரைப் பதிவு செய்தது. ஒரு கிலோமீட்டரைக் கடக்க முன்னது ஏறத்தாழ 8.1 நொடியும் பின்னது 7.04 நொடியும் எடுத்துக்கொண்டன. வித்தியாசம் ஒரே ஒரு நொடி என்று எண்ணத் தோன்றும்; நொடிக்கு 142 மீட்டர் பாயும் இடத்தில் ஒரு நொடி சிறியதன்று.

ஆயினும் கே7க்கு உரிய பெருமையை மறைப்பது நியாயமாகாது. 1955 ஜூலையில் அல்ஸ்வாட்டர் ஏரியில் 325 கிலோமீட்டரில் தொடங்கி, பத்தாண்டுகளுக்குள் ஏழு முறை உலகச் சாதனை படைத்தது அந்தப் படகு. ஒரே படகு இத்தனை முறை தன்னைத்தானே வென்றது வியப்புக்குரியது.

கேள்வி: நான் பொறியியல் மாணவி. இரண்டுமே மும்முனைப் படகுகள் என்றால், கையாளுவதில் அவற்றுக்கிடையே என்ன வேறுபாடு இருக்க முடியும்? எது ஓட்டுநரின் சொல்லுக்கு அடங்கும்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: முதலில் மும்முனை என்பதன் பொருளைப் பிற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். இவ்வகைப் படகு வேகமெடுத்ததும் நீரைக் கிழித்துச் செல்வதில்லை. முன்புறம் இடமும் வலமும் உள்ள இரண்டு மிதவைகளின் நுனிகளும் பின்புறத்தில் ஒரு சிறு பகுதியும் மட்டும் நீரைத் தொட, மற்ற உடல் முழுவதும் மேலே நின்றுவிடும். குளத்தில் ஓட்டாஞ்சில்லை எறிந்து தவளைபோலத் தாவவிட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நீரின் இழுப்பு இவ்வாறு குறைந்துவிடுவதால்தான் இந்த வேகமே கைகூடுகிறது.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. நீரின் பிடி தளரத் தளரப் படகு காற்றின் ஆளுகைக்குள் போய்விடுகிறது. காற்று மேலே தூக்கும் விசை வேகத்தின் இருமடி வீதத்தில் கூடுகிறது; அதாவது 250 கிலோமீட்டரில் இருந்ததைவிட 500 கிலோமீட்டரில் நான்கு மடங்கு. மூக்கு ஓரிரு பாகை நிமிர்ந்தால் அடிப்பரப்பில் காற்று புகுந்து மேலும் நிமிர்த்தும். ஒரு வரம்பைக் கடந்துவிட்டால், எதிர்க்காற்றில் தலைதூக்கிய பட்டம்போல, முழுப் படகும் பின்னோக்கிப் புரண்டுவிடும். எனவே இந்த வேகத்தில் கையாளுதல் என்பது வளைவில் திரும்புவதைக் குறிக்காது. சிறு அலை மோதி மூக்கு தூக்கினால், படகு தானாகவே மீண்டும் படிந்துகொள்கிறதா என்பதுதான் கேள்வி. ஓட்டுநர் உணர்ந்து கால் எடுப்பதற்கு அரை நொடி ஆனாலும் அதற்குள் எழுபது மீட்டர் கடந்துவிடும். கைத்திறனால் சரிசெய்யலாம் என்பது வீண் நம்பிக்கை.

கே7ஐ வடிவமைத்தவர்கள் கென் நாரிஸ், லூ நாரிஸ் என்ற சகோதரப் பொறியாளர்கள். எஃகுச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு போர்த்திய, ஏறத்தாழ இரண்டரை டன் எடையுள்ள படகு அது. முன் மிதவைகள் இரண்டும் மாறிமாறித் துள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. அந்தத் துள்ளலோடுதான் கேம்பெல் பல ஆண்டுகள் போராடினார். 1966 இறுதியில், கூடுதல் வலுவுள்ள ஒரு என்ஜினைப் பன்னிரண்டு ஆண்டு பழைய உடலில் பொருத்தியபோது, அது இழுத்த காற்றைத் தாங்க மாட்டாமல் காற்றுப் புகுவழியே நொறுங்கி, உடைந்த துண்டுகள் என்ஜினுக்குள் போய் அதையும் பாழாக்கின. உடலின் வயதும் என்ஜினின் வலுவும் பொருந்தவில்லை என்பதற்கு அதைவிட வெளிப்படையான அறிகுறி வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

ஸ்பிரிட்டின் கதை வேறு. வார்பி அதைச் சமையலறை மேசையில் வரைந்து, தம் வீட்டுக் கொல்லையில் மரத்தாலும் ஃபைபர் கண்ணாடியாலும் கட்டினார். செலவுக்காகத் தாம் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியங்களைக் கடைத்தெருக்களில் விற்றார். இதைப் படிக்கும்போது ஏதோ குருட்டுத் துணிச்சல் என்று தோன்றலாம், அப்படியன்று. முன்னர் லண்டனில் கே7க்கான காற்றுக்குகைச் சோதனைகளில் (மாதிரி வடிவத்தின்மேல் வேகமாகக் காற்றைச் செலுத்திப் பார்க்கும் சோதனைகளில்) பங்கெடுத்த டாம் ஃபிங்க் என்ற பேராசிரியர் பின்னாளில் ஆஸ்திரேலியாவில் இருந்தார். ஸ்பிரிட்டுக்கும் அவருடைய ஆலோசனை கிடைத்தது. கே7 கற்றுத்தந்த பாடம் இவ்வாறு நேராகவே வார்பியின் கொல்லைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அதைவிட முக்கியமானது, வரைந்தவரும் கட்டியவரும் ஓட்டியவரும் ஒருவரே என்பது. ஓட்டத்தின்போது முதுகில் உணர்ந்த ஓர் அதிர்வை வேறொருவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. கரைக்கு வந்ததும் தாமே கருவியை எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். 1974இல் தொடங்கிய ஓட்டங்களில் படிப்படியாக வேகத்தைக் கூட்டி, 1977 நவம்பர் 20 அன்று 464 கிலோமீட்டரில் முதல் உலகச் சாதனையை எட்டிய பிறகும், அடுத்த பாய்ச்சலுக்கு ஏறத்தாழ ஓராண்டு எடுத்துக்கொண்டார். எது அடங்கும் படகு என்று கேட்டீர்கள். ஸ்பிரிட் என்றே சொல்வோம். ஆனால் அந்த அடக்கத்தில் பாதி மரத்தில் இருந்தது, மீதி அந்த நான்காண்டுப் பொறுமையில் இருந்தது.

கேள்வி: கேம்பெல்லின் படகில் நேட் போர்விமானத்தின் என்ஜின் இருந்தது உண்மையா? (விமானப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர், தாம்பரம்)

பதில்: உண்மைதான். நீங்கள் நன்கறிந்த பிரிஸ்டல் ஆர்ஃபியஸ் என்ஜின்தான் அது. 1965 போரில் பெயர்பெற்ற நம் நேட் விமானங்களுக்காகப் பெங்களூரு எச்.ஏ.எல். ஆலையில் தயாரிக்கப்பட்டதும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. கேம்பெல் விபத்துக்குள்ளான ஒரு நேட் விமானத்தையே உதிரிபாகங்களுக்காக வாங்கினார். கே7இன் பின்புறம் நின்ற செங்குத்து வால்துடுப்பும் நேட்டிலிருந்து வந்ததே. அந்த என்ஜினின் உந்துவிசை சுமார் 4,500 பவுண்டு. வார்பி பயன்படுத்தியதோ, ஆஸ்திரேலிய விமானப்படை கழித்துவிட்ட வெஸ்டிங்ஹவுஸ் ஜே34 என்ஜின். அதன் உந்துவிசை சுமார் 3,400 பவுண்டுதான். குறைந்த வலுவுள்ள படகே கூடுதல் சராசரியைக் காட்டியிருக்கிறது என்பதை மாணவ வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

கேள்வி: கடைசி நாளன்று கேம்பெல் சற்றுப் பொறுத்திருந்தால் பிழைத்திருப்பாரா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: 1967 ஜனவரி 4 அன்று காலை, இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் அவருடைய முதல் ஓட்டம் மணிக்கு 297.6 மைல், அதாவது 479 கிலோமீட்டர். அவர் நாடியது 300 மைல் சராசரி. எனவே திரும்பும் ஓட்டத்தில் 302.4 மைலுக்கு மேல் தேவைப்பட்டது. எரிபொருள் நிரப்பாமலும், தம் படகே எழுப்பிய அலைகள் முற்றிலும் அடங்கும்வரை நிற்காமலும் உடனே திரும்பினார். படகு துள்ளத் தொடங்கியது, மூக்கு எழுந்தது, காற்றில் புரண்டு நீரில் மோதிச் சிதறியது.

அந்த அலைகளே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. படப்பதிவுகளை ஆராய்ந்தவர்கள் பலர் வேறொன்றையும் சுட்டுகிறார்கள். படகின் மேற்பகுதியில் இருந்த என்ஜினின் உந்துதல், மூக்கை ஓரளவு கீழே அழுத்திவந்தது. துள்ளலின்போது என்ஜின் அணைந்ததால் அந்த அழுத்தமும் நீங்கி, ஏற்கெனவே நிமிர்ந்துகொண்டிருந்த மூக்கைத் தடுக்க எதுவும் இல்லாமற்போயிற்று. தொட்டியில் எரிபொருள் குறைந்திருந்ததால் படகு இலகுவாகவும் இருந்தது. பொறுத்திருந்தால் அந்த ஓட்டம் நல்லபடியாக முடிந்திருக்கலாம். ஆனால் 528 கிலோமீட்டரில் அந்த உடலுக்கு எஞ்சியிருந்த நிலைப்பு வரம்பு மிகச் சிறியது. பொறுமை அதைச் சற்று விரித்திருக்கும், அகலமாக்கியிருக்காது.

கேள்வி: வார்பியின் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்காதது ஏன்? இப்படகுகளை இன்று பார்க்க முடியுமா? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: முயன்றவர்கள் உண்டு. வார்பிக்கு முன்பு சாதனையை வைத்திருந்த அமெரிக்கர் லீ டெய்லர் 1980இல் டாகோ ஏரியிலும், கிரெய்க் ஆர்ஃபன்ஸ் 1989இல் ஃபுளோரிடாவிலும் முயன்று உயிரிழந்தார்கள். வார்பியோ 2023 வரை வாழ்ந்து மறைந்தார். ஸ்பிரிட்டை சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் காணலாம். 2001இல் ஏரியடியிலிருந்து மீட்டெடுத்துப் புதுப்பிக்கப்பட்ட கே7, 2018இல் ஸ்காட்லாந்தில் மீண்டும் நீரில் ஓடியது. 2024 முதல் கோனிஸ்டனிலுள்ள ரஸ்கின் அருங்காட்சியகத்தில், அது மூழ்கிக் கிடந்த ஏரிக்கு அருகிலேயே வைக்கப்பட்டிருக்கிறது.