இங்கிலீஷ்ல ‘ரன்’னுக்கு ஏன் இவ்ளோ அர்த்தம்?

ரன்னா ஓடுறதுன்னு தானே படிச்சோம், அப்புறம் எப்படி கடைய ரன் பண்றாங்க, மூக்கு ரன் ஆகுது, கம்ப்யூட்டர்ல ப்ரோக்ராம் ரன் ஆகுதுன்னு நிறைய பேருக்கு குழப்பம். ஏதோ ஒண்ணு நிக்காம போயிட்டே இருக்கு, இல்ல யாரோ அத நிக்க விடாம பாத்துக்கறாங்க, அவ்ளோதான் ரன். ஆதியிலயே தண்ணி ஓடுறதுக்கும் இந்த வார்த்தை தான், அப்புறம் மெஷின் வந்துச்சு, கம்பெனி வந்துச்சு, புதுசா தேடாம எல்லாத்துக்கும் இதையே போட்டுட்டாங்க. ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிக்காரங்க எண்ணிப் பாத்தப்ப இந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தம்!

நம்மளும் லேசுப்பட்ட ஆளில்ல. ஃபேன் ஓடுது, படம் 100 நாள் ஓடுச்சு, மண்டையில ஒண்ணும் ஓட மாட்டேங்குது, இதுல எதுக்குமே கால் கிடையாது. ஆனா நம்மகிட்ட ஓடு, ஓட்டுன்னு ரெண்டு இருக்கு: கடை ஓடுது, அண்ணாச்சி கடைய ஓட்டுறாரு. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ரன் தான், கொஞ்சம் கஞ்சத்தனம். ரன்னுக்குப் பின்னாடி ‘அவுட்’ ஒட்டுனா தீர்ந்துபோறதுன்னு அர்த்தம், வீட்டுல சக்கரை தீர்ந்துபோற மாதிரி (கிரிக்கெட்ல அது வேற கதை).

‘ஐயம் ரன்னிங் லேட்’னு மெசேஜ் வந்தா மட்டும் ஆளு ஓடி வர்றாருன்னு நினைச்சிடாதீங்க, லேட்டாகும்னு தான் அர்த்தம், இன்னும் குளிக்காம கூட இருக்கலாம்.